நாச்சிமுத்து மகால் கல்வெட்டு

பிப்ரவரி 26, திங்கள்

யசோதினி அக்கா, இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மணி பன்னிரண்டேகால். மிதிலா எட்டரைக்கே தூங்கிவிட்டாள். பாத்திரம், நாளைய சாப்பாட்டு டப்பா, குளியலறைச் சுவரில் மறுபடி படர்ந்துவிட்ட கரும்பூஞ்சை எல்லாம் முடித்து இப்போதுதான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் தூக்கம் இல்லை, பரபரப்பு.

இன்று உங்கள் வக்கீல் அலுவலகத்தில் நீங்கள் சொன்னீர்கள்: "நடக்கிறதை ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதும் பிள்ளை. இங்கிலீசில வேண்டாம், தமிழிலேயே எழுதும், நான் வாசிப்பன். வழக்குக்கு முதல் எல்லாத்தையும் என்னட்டத் தாரும்." அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நான் கோகிலவாணி, முப்பத்திரண்டு வயது. உயிர்வேதியியலில் முதுகலை. இப்போது ரெடிங்கில் ஒரு மருந்துக்கடையில் வாரம் இருபது மணி நேர வேலை. மிதிலாவுக்கு ஐந்து வயது. 2022 ஏப்ரலில் நானும் பூபதிராஜனும் இந்தியாவில், ஊர்ப்பக்கத்து நீதிமன்றத்தில், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு விவாகரத்து வாங்கினோம். அவர் லண்டனில் பெரிய கம்பெனியில் கணினி வேலை பார்த்தவர். ஆனால் அன்றைக்குத் தனக்கு நாற்பது லட்சம் கடன் என்றார். ஐந்து லட்சம் கொடுத்தார். நான் நம்பினேன். பத்து வருடச் சம்பளம் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று வயதுக் குழந்தையோடு நின்றவளுக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

வெளிநாட்டில் முடிந்த விவாகரத்துக்கும் இங்கிலாந்து நீதிமன்றத்தில் பங்கு கேட்கலாம் என்று போன மாதம் உங்கள் வாயால் கேட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நீங்கள் கையமர்த்தினீர்கள். முதலில் நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான விசாரணை மார்ச் 14, வியாழன். அவர் சொத்தை மறைத்தார் என்று நம்புவதற்கு வலுவான காரணம் காட்டினால்தான் கதவு திறக்கும். இல்லையென்றால் அன்றோடு முடிந்தது.

ஏப்ரல் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். இந்த வாடகைக்கு மிதிலா பள்ளிக்கூடம் பக்கத்தில் ஓர் அறைகூடக் கிடைக்காது. எனக்குத் திறக்க வேண்டிய கதவு அந்த அனுமதிதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நீங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பூபதியின் பதில் வந்துவிட்டது. கையிருப்பு அறுநூற்று நாற்பது பவுண்டு. கவென்ட்ரியில் வாடகைக்கு ஓர் அறை. "இந்தியாவில் எனக்கு எந்தச் சொத்தும் இல்லை." கீழே கையெழுத்து. அந்த 'பூ'வின் சுழி மாறவே இல்லை.

என் சொத்து வாக்குமூலத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டேன். வீடு, நிலம் என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டேன். இருபது பக்கம், கை வலிக்கிறது. நாளை குப்பை எடுக்கும் நாள், நீலத் தொட்டி.

பிப்ரவரி 29, வியாழன்

மிதிலா வகுப்பில் யாருக்கோ பேனாம். இரண்டு மணி நேரம் சீப்பும் கையுமாக உட்கார்ந்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 2, சனி

அக்கா! கிடைத்துவிட்டது! கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்தீர்களா?

அப்பாவுக்கு வெள்ளகோவிலில் மோட்டார் காயில் கட்டும் கடை. செம்புக் கம்பி வாங்கத் தாராபுரம் போயிருக்கிறார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, இருபதடி உயரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பூபதி! பிறந்தநாள் பேனர். "லண்டன் தொழிலதிபர், நாச்சிமுத்து மகால் அதிபர், பாசமிகு அண்ணன் பூபதிராஜன் அவர்களுக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்." கீழே தபால்தலை அளவில் இருபத்திரண்டு நண்பர்களின் முகங்கள், ஆளுக்கொரு கும்பிடு.

"நாச்சிமுத்துங்கறது உன்ற மாமனார் பேரு தான கண்ணு?" என்றார் அப்பா. "மகால்னா கல்யாண மண்டபம். நானூறு பேரு உக்காந்து திங்கலாம்ங்கறான் டீக்கடைக்காரன். ஏசியாமா!"

அவருக்குப் பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கவில்லை.

பேனரில் இருக்கும் படம் பிரைட்டன் கடற்கரையில் எடுத்தது. என்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் அவர் தோளில் மூன்று விரல்கள் மட்டும் மிச்சம். அவை என் விரல்கள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதற்காக இத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. ஆதாரம் என்பதால்தான்.

மார்ச் 4, திங்கள்

தொலைபேசியில் நீங்கள் என் காற்றைப் பிடுங்கிவிட்டீர்கள்.

"பிறந்தநாளுக்குச் சிநேகிதர் என்னவும் அடிப்பினம். நாளைக்கு என்னையும் மகாராணி எண்டு அடிப்பினம். அதுக்கு அவர் என்ன செய்யிறது எண்டு அவற்ற வக்கீல் கேப்பார். அவரே தன்ர எண்டு சொன்ன ஒண்டு வேணும் பிள்ளை."

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தேன். நிலமும் கட்டடமும் தங்கவேலு பெயரில். பூபதியின் அக்கா கணவர். உரக்கடை வைத்திருப்பவர். உரக்கடைக்காரர் நாலு கோடிக்கு மண்டபம் கட்டுவாரா?

ஆனால் மருந்துக்கடையில் ஒரு கிழவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. மீதிச் சில்லறையைக்கூட மறந்துவிட்டேன். மண்டபத்துக்கு மாமனார் பெயர். செத்துப்போன அப்பா பெயரில் கட்டடம் எழும்பினால் வாசலில் கிரானைட் கல்வெட்டு இல்லாமல் எங்கள் பக்கம் இருக்கவே இருக்காது. அதில் யார் பெயர் இருக்கும்? "நாச்சிமுத்து நினைவாக அவர் மருமகன் தங்கவேலு" என்று வெட்டினால், மகன் என்ன செத்தா போய்விட்டான் என்று ஊர் கேட்கும். பூபதி பத்திரத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதுவார். அப்பா பெயருக்குக் கீழே இன்னொருவன் பெயரைக் கல்லில் விடமாட்டார். ஏழு வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள் சொல்கிறேன்.

உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். "கல்லைக் கொண்டு வாரும்" என்று பதில் வந்தது. சிரிப்பு முகமும் போட்டிருந்தீர்கள்.

மார்ச் 5, செவ்வாய்

"சாதாரண நாள்ல பூட்டிக் கெடக்குது கண்ணு. கேட்டுக்கு உள்ள முப்பதடி. வெளிய இருந்து பாத்தா கல்லு ஒண்ணு தெரியுது, எழுத்துத் தெரியல" என்றார் அப்பா.

"கல்யாணம் எப்பங்கப்பா?"

"ஞாயித்துக்கெழம முகூர்த்தம் ஒண்ணு இருக்குதாமா. யாரு வூட்டுதுன்னு தெரியல."

"போங்கப்பா."

"அழைக்காத கல்யாணத்துக்கா?"

"ஆயிரம் பேர்ல உங்கள யாருங்கப்பா கேக்கப் போறா?"

"வெள்ளை வேட்டியக் கஞ்சி போடச் சொல்றேன்" என்றார். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

இட்லி மாவு இந்தக் குளிரில் மூன்றாவது நாளாகப் பொங்கவில்லை. ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கைப் போட்டுவிட்டிருக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

பள்ளியில் புத்தக தினம். மிதிலா நத்தையாகப் போனாள். பழைய தலையணை, பழுப்பு நாடா, என் கம்பளிச் சால்வை. ஓடு நடக்கும்போதெல்லாம் வலப்பக்கம் சாய்ந்தது. "நத்தைக்குக்கூட வீடு முதுகுலயே இருக்கும்மா" என்றாள். நான் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை பூபதி வீடியோவில் வரும் நேரம். இருவரும் நத்தையைப் பற்றி அரை மணி பேசினார்கள். அதில் குறை சொல்ல முடியாது, குழந்தையோடு பேசும்போது அவர் வேறு ஆள். அப்போது மிதிலா திடீரென்று, "அப்புச்சி கல்யாணத்துக்குப் போறாரு!" என்றாள். அப்புச்சி என்றால் என் அப்பா.

"யாரு கல்யாணம்?" என்றார் பூபதி. கேள்வி எனக்கு.

"காங்கேயத்துல. அம்மாவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி பொண்ணு. உங்களுக்குத் தெரியாது." ஒரு நொடிகூடத் தயங்காமல் வந்தது. மண்டபத்தின் பெயர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

"அப்பறம் வாணி, எதுக்கு வக்கீலுக்குக் காசைக் கொட்டறே? எங்கிட்ட என்ன இருக்குது? ரூம்ல ஹீட்டர்கூடப் போடறதில்ல, தெரியுமா?"

"உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன் அக்கா. பழக்கதோஷம். அவர் பின்னால் கொடியில் ஒரே ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

நேற்று இரவு படுக்கவே இல்லை. இந்தியாவில் காலை ஆறு என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. அப்பா குளித்துக் கிளம்பியது, பேருந்து ஏறியது, இறங்கியது என்று வரிசையாகக் குரல்செய்தி. பிறகு ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லை. நான் கூடத்தில் நடந்த நடையில் கீழ்வீட்டு அம்மாள் கூரையைத் தட்டிவிட்டாள். மூன்று மணிக்கு அழைப்பு வந்தது.

"கண்ணு, நாலு வகை பலகாரம் போட்டானுங்க!"

"அப்பா! கல்லு!"

"இரு சாமி, வரிசையாச் சொல்றேன். வாசல்ல பன்னீர் தெளிக்கற புள்ள, மாப்ள வூடா பொண்ணு வூடான்னு கேட்டுது. ரெண்டு பக்கமும் வேண்டப்பட்டவன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். பந்தியில பக்கத்துல உக்காந்தவன் எங்கிட்டயே, அந்த வழுக்கத்தல யாருங்கன்னு கேக்கறான். பொண்ணோட தாய்மாமன்னு அடிச்சு உட்டேன். பாத்தா அந்த ஆளு சமையல் காண்ட்ராக்டரு!"

நான் சோபாவில் விழுந்து சிரித்தேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சாப்புட்டுட்டுச் சும்மா வாறதா? எறநூத்தியொண்ணு மொய் எழுதிட்டேன். அப்பறந்தான் கல்லுக்கிட்டப் போனேன். போனா, குலை தள்ளுன வாழமரத்தக் கொண்டாந்து கல்லு மேலயே கட்டி வெச்சிருக்கறானுங்க! 'நாச்சி'ன்னு மட்டும் தெரியுது. சுத்திப் பாத்தேன், ஆளில்ல. கயித்த அவுத்தேன். பாதி மரம் சாய்ஞ்சுது. ஒரு கையில மரத்தப் புடிச்சுட்டு ஒரு கையில போட்டோ புடிக்கறேன், பொறத்தால ஒரு சத்தம்: 'ஏனுங் பெரியப்பா, வாழைய அவுத்து வூட்டுக்குக் கொண்டு போறீங்களா?' திரும்புனா தங்கவேலு!"

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, மரத்த அவன் புடிச்சான், நான் போட்டோ எடுத்தேன்."

நிஜமாகவே அப்படித்தான் நடந்திருக்கிறது அக்கா. தங்கவேலு கோபப்படவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய் நாற்காலி போட்டு, வெற்றிலைத் தட்டை நீட்டியிருக்கிறார். அப்பா கைபேசியைச் சட்டைப்பையில் போட்டபோது, படம் எடுத்த பிறகு கைபட்டு ஓடத் தொடங்கிய வீடியோப் பதிவை நிறுத்தத் தெரியாமல் விட்டுவிட்டார். ஏழு நிமிடம் ஓடியிருக்கிறது. வாழையிலைச் சரசரப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவில் தங்கவேலுவின் குரல்:

"நல்லாப் படிங்க பெரியப்பா. எம்பேரு எங்கீச்சும் இருக்குதா? பத்திரம் எம்பேருல. பேங்குக் கடன் எம்பேருல. மாசமாசம் லண்டன்ல இருந்து பணம் எங்கணக்குக்கு வரும், நானு கொத்தனாருக்கு எண்ணிக் குடுப்பேன். நாளைக்கு வரிக்காரன் வந்தா நானு உள்ள போகோனும். மருமகன்னு ஒரு வரி வெட்டுடா மச்சான்னேன். கல்லுல எடமில்லேன்னுட்டான். எடமில்லையாமா! அதுல மயில் செதுக்கியிருக்கறான் பாருங்க, ரெண்டு மயிலு!"

படம் உங்களுக்கு வந்திருக்கும். ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, எழுத்தில் படவில்லை. "அமரர் செ. நாச்சிமுத்து அவர்களின் நினைவாக, அவர்தம் ஒரே புதல்வர் லண்டன் நா. பூபதிராஜன் தமது சொந்த உழைப்பில் எழுப்பிய மண்டபம். கால்கோள் 14.6.2021." ஜூன் 2021-லேயே அடிக்கல்! கடன் நாற்பது லட்சம் என்று என் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குப் பத்து மாதம் முன்னால்!

இன்று இங்கே அன்னையர் தினம். மிதிலா மஞ்சள் பூ ஒட்டிய அட்டை கொடுத்தாள். தூங்காத கண்ணோடு அவளைத் தூக்கிக் கூடம் முழுக்கச் சுற்றினேன்.

மார்ச் 11, திங்கள்

"பிள்ளை, இது காணும்! இதுவே போதும்!" என்றீர்கள். நீங்கள் கத்திப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "கல்லில தன்ர கையால வெட்டி வச்சிருக்கிறார். நீதிபதிக்கு மொழிபெயர்த்துக் குடுப்பம். அந்தத் தங்கவேலு எழுதித் தருவாரோ?"

தருவார். வரிக்காரர் பயம் அவரை ஆட்டுகிறது. அப்பா இன்று போய்க் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

பேச்சு முடியும் இடத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "உம்மட பக்கமும் சுத்தமா இருக்கோணும். மற்ற ஆளைப் பொய்யன் எண்டு சொல்லேக்க எங்கட கை சுத்தமா இருக்கோணும். உம்மட பேரில அங்க ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லைங்க அக்கா" என்றேன்.

துணி துவைக்கும் இயந்திரம் கசிகிறது. துண்டு போட்டு அடைத்திருக்கிறேன். மாவு இன்று பொங்கியிருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

இதை நாளை எழுதலாம் என்று இரண்டு முறை விளக்கை அணைத்தேன்.

அரை மணிக்கு முன் அப்பா அழைத்தார். ஊரில் விடிந்துவிட்டது. குரலில் ஞாயிற்றுக்கிழமை உற்சாகம் குறையவே இல்லை.

"கண்ணு, நேத்து ராத்திரி பத்திரம் எழுதறவரப் பாத்துட்டு வந்தேன். தாராபுரம் ரோட்டுல உம்பேருல கெடக்கற பன்னண்டு சென்ட்டு இருக்குதல்லொ, அதத் தம்பி பேருக்கு மாத்திடலாம். நீ குடுத்த பவர் எங்கிட்ட இருக்குது. பத்து மணிக்கு ஆபீசு தொறந்ததும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நாளைக்கு அந்தப் பய வக்கீலு தோண்டிப் பாத்தாலும் உம்பேரு வராது."

"தம்பிக்குத் தெரியுமாங்கப்பா?"

"அவனுக்கென்ன தெரியோனும்? பேரு மட்டுந்தான அவன் பேரு. நெலம் உன்னுதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். மிதிலா புரண்டு படுத்தாள்.

"ஏஞ்சாமி சிரிக்கறே?"

"மயில் ஒண்ணும் செதுக்க வேண்டாங்களாப்பா?"

அப்பாவுக்குப் பின்னால் யாரோ தண்ணீர்க் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு ஒண்ணுமில்லாமப் போயிருமோன்னுதான் கண்ணு" என்றார் கடைசியில்.

"தெரியுங்கப்பா. ஆபீசுக்குப் போகாதீங்க. பவரப் பெட்டியில வெச்சுப் பூட்டுங்க. நான் அக்காகிட்டச் சொல்லிட்டு உங்களுக்குக் கூப்புடறேன்."

அக்கா, விவாகரத்து முடிந்த மாதம் என் நகையை விற்றுப் பன்னிரண்டு சென்ட் இடம் வாங்கினோம். என் பெயரில். இன்றைய விலைக்கு இருபத்தைந்து லட்சம் போகும். அது நிலமில்லை, என் நகைதானே என்று பிப்ரவரி 27 அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு "இல்லை" என்று எழுதினேன். நேற்று உங்களிடமும் வாயால் சொன்னேன். இரண்டும் பொய். அந்த நாட்களின் பக்கங்களை அடிக்காமல், கிழிக்காமல் அப்படியே படம் பிடித்து இதோடு அனுப்புகிறேன். அப்பா தந்த பத்திர நகலும் இருக்கிறது.

இதைச் சொன்னால் வியாழக்கிழமை நீதிபதி என்னையும் அவரைப் போலவே பார்ப்பாரா? அனுமதி போய்விடுமா? அந்த இடத்தை விற்று இங்கே வாடகை கட்டிக்கொள் என்று சொல்லிவிடுவார்களா? எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பதினைந்து நாளில் முதல் முறையாக என் வாக்குமூலத்தை எடுத்து, இருபது பக்கமும் கண்ணைத் திருப்பாமல் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் திருத்த வேண்டிய வரியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

திருத்திய வாக்குமூலத்தை நாளைக்குள் நீதிமன்றத்தில் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் எங்கே, எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட வரவேண்டும்? மருந்துக்கடையில் விடுப்புச் சொல்ல வேண்டும், மிதிலாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் பார்க்க வேண்டும். கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இதைப் பார்த்ததும் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வாணி